சுரம் என்று எழுதிய சாவுகள்

சின்னசேலம் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த காலம். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிகளை நீக்கும்வரை, சுற்றுக் கிராமங்களில் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதியவர் முன்சீப்தான். சாவுக்கு வெள்ளைக்காரன் வகுத்த காரணங்கள் கொஞ்சமே: வாந்திபேதி, வைசூரி, பிளேக், சுரம், சீதபேதி, சுவாச நோய், காயம், மற்றவை. டாக்டர் பார்க்காத சாவுக்கு வீட்டார் சொன்னதே காரணம். அதனால் எதுவானாலும் பெரும்பாலும் "சுரம்".

என் பெரிய அத்தை பிள்ளை பெற்ற பத்தாம் நாள் போய்விட்டார். எழுதியது சுரம். சுரம் அடித்ததும் பொய்யில்லை. பிரசவம்தான் கணக்கில் ஏறவில்லை. இப்படி எத்தனை பெண்களோ!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதும் அதிகாரிகள் முதலில் சாராயம் காரணமில்லை என்றே சொன்னார்கள். பரிசோதனையில் மெத்தனால் வந்தது.