காப்பீட்டுக் கம்பெனியின் கைப்பொருள்

மாணவர்களே! 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கியதை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். பட்டறை முதலாளிகள் அன்று தேடியது இன்ஷ்யூரன்ஸ் பாலிசியை. அந்தக் காகிதத்தின் மதிப்பு யாது? அதனை அளித்த கம்பெனியின் கைப்பொருள் எவ்வளவோ, அவ்வளவே.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000-க்குப் பின் தனியார் மீண்டும் நுழைந்தனர். 2007 தொடக்கத்தில் தீக்காப்பீட்டுக்கு விதித்திருந்த பொதுக் கட்டண விகிதம் நீங்கவே, போட்டியில் பிரீமியம் சரிந்தது. வாங்கியோர் மகிழ்ந்தனர். தள்ளுபடி யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்டவர் சிலரே.

ஆவடியில் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். விகிதத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் அறியேன். 100 ரூபாய் தேவையெனக் கணக்கிட்டால் 150 ரூபாய் கையிருப்பு வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்காணையத்தின் விதி. அரசுக் கம்பெனிகள் மூன்று இந்த அளவினின்றும் தாழ்ந்தன. மோட்டார், மருத்துவக் காப்பீட்டு நட்டங்கள் இதற்குப் பெருங்காரணம். 2019-20 முதல் மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாய் மூலதனம் அளிக்க நேர்ந்தது.

பட்டறைக்காரருக்கு மற்றொரு கவலையும் உண்டு. தீக்காப்பீடு பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தமே. ஆண்டு முடிவில் கட்டணத்தை உயர்த்தவோ, புதுப்பிக்க மறுக்கவோ கம்பெனிக்கு இடமுண்டு; வெள்ளம் கண்ட தாழ்நிலத்துக்கோ கேள்விகள் மிகுதி. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. தன் விகிதத்தைக் கம்பெனி காலாண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும்.