பாயின்ட் போன புல்லட்

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் செய்த அந்தப் புல்லட்களைக் காரைக்குடித் தெருக்களில் ஓட்டியவர்களுக்குப் 'பாயின்ட்' மறந்திருக்காது.

பாயின்ட் ஒரு சின்ன சுவிட்ச்தான். அது திறக்கும் நொடியில் காயிலுக்குப் போகும் கரண்ட் அறுபட்டு, பிளக்கில் பொறி பறக்கும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். கேமில் உரசும் பகுதி தேயத் தேய இடைவெளி குறையும்; பொறி பிந்தும்; வண்டி இழுக்காது.

நம் மெக்கானிக்குகள் உப்புத்தாளால் தேய்த்து, கேஜ் வைத்துச் சரிசெய்வார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் பாயின்ட் திறக்கிறது என்று அர்த்தம். நானும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 பாயின்ட் இல்லாமலே ஓடியது. 2000-க்குப் பின் எலக்ட்ரா மாடலோடு புல்லட்டுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. அடிக்கடி கைவைக்கவும் வேண்டாம். அது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ராத்திரி திருப்பத்தூர் ரோட்டில் நின்றுபோனால், பாயின்ட் வண்டியை ஒரு துண்டு உப்புத்தாள் வீடு சேர்த்துவிடும். அந்தக் கறுப்புப் பெட்டி போனால் மாற்றத்தான் முடியும். வண்டியோடு போனது பாயின்ட் மட்டுமல்ல, அதைத் திருத்தத் தெரிந்த கைகளும்தான்.