சித்தூர்: பள்ளி மொழி வேறுபாட்டாய்வு
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் வட்டாரத்தில், தமிழ்வழி மாணவர்கள் வீட்டுப் பேச்சு, பாடநூலின் எழுத்துத் தமிழ், அரசு அலுவலகத்தின் மலையாளம் மூன்றையும் ஒருங்கே கையாள்கிறார்கள். இங்கே மொழியியலாளரின் முதல் வேலை பிழையையும் பேச்சு வழக்கையும் பிரித்தறிவதே. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும்; மலையாள வினை காட்டாது. ஆகவே மாணவரின் எழுத்தில் விகுதி நழுவினால், அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது அவசரத் தீர்ப்பு. நழுவல் எங்கெங்கே, எவ்வளவு ஒழுங்காக நிகழ்கிறது என்று பார்த்த பிறகே காரணம் சொல்லலாம். பேச்சை இப்படி முறையாக ஆராய்வதற்குக் கேரளத்தில் வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர், 1926இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம். அவர் முன்னின்று நடத்திய மலையாள வழக்காய்வு 1974இல் வெளிவந்தது. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். வகுப்பறை அவரது தனிக்களமன்று. ஆனால் அவரது ஆய்வுமுறை அங்கும் பொருந்தும்.

தேர்வு எழுத்துத் தமிழில்தானே, வழக்குக்கு இடங்கொடுத்தால் பிள்ளை பின்தங்காதா என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஆசிரியர் வழக்கை அறிந்திருப்பது வேறு, விடைத்தாளில் அதை ஏற்பது வேறு. 1979இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரப் பள்ளி தொடர்பான நீதிமன்ற வழக்கில், மொழியியலாளர் வில்லியம் லபோவ் சாட்சியளித்தபின், நீதிமன்றமும் பொது ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கணக்கில்கொண்டு வாசிப்பைக் கற்பிக்கவே சொன்னது.