கப்பலேறிய எரிவாயு: ஒப்பந்தத்திலிருந்து சந்தைக்கு (1959–2024)

உலக எரிசக்தி வணிகம் பற்றிய ஆய்வுகளில் கச்சா எண்ணெய்க்குக் கிடைத்த கவனம் இயற்கை எரிவாயுவுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. எண்ணெயைப் பீப்பாயில் அடைத்தும் அனுப்பலாம். எரிவாயுவுக்கோ குழாய் வேண்டும். குழாய் எட்டாத ஊருக்கு அது இல்லாத பொருள். எண்ணெயோடு சேர்ந்து வந்த வாயுவைக் கிணற்றடியிலேயே எரித்துவிடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆனால் மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் திரவமாகி, கன அளவில் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும்; குழாய் இல்லாமலே கப்பலில் ஏற்றலாம். எல்.என்.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திரவம் யாருக்கு, எந்த நிபந்தனையில் விற்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வணிகத்தின் போக்கைத் தொழில்நுட்பத்தைவிட ஒப்பந்த வடிவமே அதிகம் தீர்மானித்தது என்பது என் முடிவு.

தொடக்கம் துயரமானது. 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஓர் எல்.என்.ஜி. தொட்டி உடைந்து தீப்பற்றியதில் சுமார் 130 பேர் இறந்தனர். தொட்டியின் எஃகில் நிக்கல் போதவில்லை. கடுங்குளிரில் அது நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. அந்த விபத்து எழுப்பிய அச்சம் தணிய ஆண்டுகள் பல பிடித்தன. 1959 ஜனவரியில், இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து உருவாக்கிய ‘மீத்தேன் பயனியர்’, லூசியானாவின் லேக் சார்ல்ஸிலிருந்து புறப்பட்டது. உள்ளே அலுமினியத் தொட்டிகள். வெளி வெப்பம் உள்ளே புகாதபடி அவற்றைச் சுற்றி எடை குறைந்த பால்சா மரப்பலகைகள். சுமார் 5,000 கன மீட்டர் சரக்கோடு அது பிப்ரவரியில் தேம்ஸ் கழிமுகத்தின் கான்வி தீவை அடைந்தது. 1964-இல் அல்ஜீரியாவின் அர்ஸூவிலிருந்து பிரிட்டனுக்கு முறையான வணிகம் தொடங்கியது. மறு ஆண்டே வடகடலில் பிரிட்டனுக்குச் சொந்த எரிவாயு கிடைத்ததால் ஐரோப்பாவின் ஆர்வம் குழாய்களின் பக்கம் சாய்ந்தது.

இவ்வணிகத்தை உண்மையில் வளர்த்தெடுத்த நாடு ஜப்பான். தோக்கியோ விரிகுடாவைச் சூழ்ந்த புகைமூட்டத்தைக் குறைக்க விரும்பிய தோக்கியோ மின்நிறுவனமும் தோக்கியோ எரிவாயு நிறுவனமும் 1969 நவம்பரில் அலாஸ்காவிலிருந்து முதல் சரக்கை யோகோஹாமாவின் நெகிஷியில் இறக்கின. 1972-இல் புருனேயும், 1977-இல் இந்தோனேசியாவும் விற்பனையாளர்களாகச் சேர்ந்தன. 1973-இன் எண்ணெய் அதிர்ச்சிக்குப் பிறகு, எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்ற அச்சம் ஜப்பானை மேலும் எரிவாயுவை நோக்கித் தள்ளியது.

அக்கால ஒப்பந்தத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காலம் பதினைந்து, இருபது ஆண்டுகள். வாங்குபவர் சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறித்த அளவுக்குப் பணம் தர வேண்டும். கப்பல் குறித்த துறைமுகத்துக்கு மட்டுமே போகலாம், மறுவிற்பனைக்கு இடமில்லை. காலப்போக்கில், ஜப்பான் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயின் சராசரி விலையை ஒட்டி எரிவாயு விலையைக் கணக்கிடும் முறை நிலைபெற்றது. இன்று பார்க்கும்போது இவை வாங்குபவரின் கையைக் கட்டியதாகத் தோன்றலாம். ஆனால் திரவமாக்கும் ஆலைக்கும் கப்பலுக்கும் கோடி கோடியாகக் கடன் கொடுத்த வங்கிகள் நம்பியது இந்தக் கட்டுகளைத்தான். ஜப்பானிய நிறுவனங்கள் தம் பகுதிகளில் ஏகபோக உரிமை பெற்றிருந்ததால், கூடுதல் செலவை நுகர்வோர் கட்டணத்தில் சேர்க்க முடிந்தது. கத்தார் 1990-களின் இறுதியில் ஏற்றுமதியைத் தொடங்கியதும் இதே அடித்தளத்தில்தான். 2010-இன் இறுதிக்குள் அதன் திறன் ஆண்டுக்கு 7.7 கோடி டன்னை எட்டியது.

கட்டு தளர்ந்தது அமெரிக்காவில். லூசியானாவின் சபைன் பாஸ் முனையம் 2008-இல் இறக்குமதிக்காகத் திறக்கப்பட்டது. அதற்குள் பாறை எரிவாயு பெருகி உள்நாட்டு விலை சரிந்துவிட்டது. முனையத்தை ஏற்றுமதிக்காக மாற்றிக் கட்டினார்கள். 2016 பிப்ரவரியில் அங்கிருந்தே முதல் ஏற்றுமதிச் சரக்கு புறப்பட்டது. அமெரிக்க ஒப்பந்தத்தில் சேருமிடக் கட்டுப்பாடு இல்லை. விலை அமெரிக்க எரிவாயுச் சந்தையை ஒட்டியது. திரவமாக்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டால் சரக்கையே வேண்டாம் எனலாம். 2020-இன் கொரோனா காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகள் அப்படி ரத்தாயின. 2023-இல் உலக எல்.என்.ஜி. ஏற்றுமதியில் முதலிடம் பிடித்த நாடு அமெரிக்கா.

இந்த மாற்றத்தின் பலன் இந்தியாவுக்கும் கிடைத்தது. 2004 முதல் குஜராத்தின் தாஹேஜ் முனையத்துக்குக் கத்தாரிலிருந்து எரிவாயு கொண்டுவந்து, பின்னர் அதை ஆண்டுக்கு 75 லட்சம் டன்னாக உயர்த்திய பெட்ரோநெட் நிறுவனம், 2015-இல் எண்ணெய் விலை சரிந்தபோது நெருக்கடியில் சிக்கியது. அதன் விலைச் சூத்திரம் 60 மாதச் சராசரியைப் பின்பற்றியதால் சந்தை விலை போல் இரு மடங்கு கொடுக்க நேர்ந்தது. குறைவாக எடுத்ததற்கு ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய் அபராதமும் காத்திருந்தது. கத்தார் சூத்திரத்தை மாற்றிக்கொண்டு அபராதத்தையும் கைவிட்டது. பதிலுக்கு இந்தியா ஆண்டுக்குக் கூடுதலாக 10 லட்சம் டன் வாங்க ஒப்புக்கொண்டது. மலிவான சரக்கு தாராளமாகக் கிடைக்கும் சந்தை வெளியே இருந்ததால்தான் இந்தப் பேரம் படிந்தது.

2022 மறுபக்கத்தைக் காட்டியது. ரஷ்யக் குழாய்களின் வரத்து சுருங்கியதும் ஐரோப்பா கப்பல்களைத் தேடியது. அவ்வாண்டு அதன் எல்.என்.ஜி. இறக்குமதி ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. ஆகஸ்டில் ஐரோப்பிய விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. சேருமிடக் கட்டுப்பாடு இல்லாத கப்பல்கள் அதிக விலை கொடுத்தவரிடம் சென்றன. ஜூலையில் பாகிஸ்தான் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட விலை சொல்லவில்லை. அதே மாதம் வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்தி, மின்வெட்டை அறிவித்தது. ஜெர்மனியோ வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஒரு மிதவை முனையத்தை ஓராண்டுக்குள் கட்டி டிசம்பரில் திறந்தது. மூன்று நாடுகளுக்கும் தேவை ஒன்றுதான், கையிலிருந்த பணத்தில்தான் வேறுபாடு. விலையே சிறந்த பங்கீட்டாளர் என்போர் டாக்காவின் அந்த மாதங்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அதன்பின் நீண்டகால ஒப்பந்தங்கள் மீண்டும் வலுப்பெற்றன. 2022 நவம்பரில் சீனாவின் சைனோபெக் கத்தாரோடு 27 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 2024 பிப்ரவரியில் பெட்ரோநெட் தன் ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2019-இல் எண்ணூரில் திறக்கப்பட்ட முனையத்திலிருந்து வரும் எரிவாயுவில்தான் மணலியில் யூரியா தயாராகிறது. இறக்குமதி விலை ஏறினால் மத்திய அரசின் உர மானியச் சுமையும் ஏறும். இத்தகைய தேவைகளை அன்றாட விலையின் போக்குக்கு விட்டுவிட முடியாது. அடிப்படைத் தேவைக்கு நீண்டகால ஒப்பந்தம், அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் உடனடிச் சந்தை என்ற பிரிவினையே, 65 ஆண்டு வரலாற்றைப் பார்க்கையில், இறக்குமதியை நம்பியிருக்கும் நாடுகளுக்குப் பொருந்துகிறது. 2048 வரையிலான ஒப்பந்தம் அந்த வகையில் சரியான முடிவு.