தந்தி ஆபீஸிலிருந்து சட்ட மன்றத்துக்கு

நான் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன். அதனாலோ என்னவோ, அந்த இலாகாவிலிருந்து வந்தவர் என்று யாரைப் பற்றிப் படித்தாலும் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. அப்படி அறிமுகமானவர்தான் ஜெர்மனியின் எலிசபெத் செல்பெர்ட்.

1896-ல் காஸல் நகரில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். முதல் உலகப் போர் சமயத்தில் தபால் நிலையத்தின் தந்திப் பிரிவில் வேலை. அச்சுத் தொழிலாளி ஆடம் செல்பெர்ட்டை 1920-ல் மணந்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, முப்பதை நெருங்கும் வயதில், பள்ளி இறுதித் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். பிறகு சட்டம் படித்து 1930-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். யார் குற்றவாளி என்று தேடாமல், மணவாழ்வு முறிந்துபோனதையே விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கலாம் என்பது அவர் ஆய்வின் வாதம்.

ஹிட்லர் வந்தார். சோஷலிஸ்ட் கட்சிக்காரரான கணவர் 1933-ல் வேலையிழந்து முகாமில் அடைபட்டார். பெண்களுக்கு வக்கீல் தொழில் மூடப்படும் தறுவாயில், 1934 டிசம்பரில், எலிசபெத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது.

போர் முடிந்ததும் மேற்கு ஜெர்மனிக்குச் சட்டம் எழுத 1948-ல் பான் நகரில் கூடிய மன்றத்தில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் 65 பேர். அவர்களில் பெண்கள் நாலே பேர். பழைய சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் குடிமை உரிமைகளில் மட்டுமே சமத்துவம் சொன்னது. அதாவது ஓட்டுப் போடலாம். வீட்டில் கணவன் சொல்தான் முடிவு. எலிசபெத் கேட்டது ஒரு சின்ன வாக்கியம்: ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள். அது வந்தால் குடும்பச் சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டுமே என்று பயந்தார்கள். டிசம்பரில் தோற்கடித்தார்கள்.

அவர் விடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்கள் சங்கங்களும் தொழிலாளிப் பெண்களும் எழுதிய கடிதங்கள் கூடை கூடையாக பானுக்கு வந்து குவிந்தன. 1949 ஜனவரி 18-ல் அதே குழு அந்த வாக்கியத்தை ஏற்றது. இன்றும் மூன்றாவது பிரிவில் அது இருக்கிறது. தபால் மூட்டைக்கு இருக்கும் பலம் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்!

ஆனால் அவருக்கு என்ன கிடைத்தது? பாராளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹெஸ்ஸன் மாநில சட்டசபையில் 1958 வரை இருந்துவிட்டு, காஸலில் வக்கீல் தொழிலைப் பார்த்தார்.

வாக்கியம் நடைமுறைக்கு வரவும் காலம் பிடித்தது. 1957-ல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோதும், வீட்டுக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று வைத்தார்கள். 1977-ல்தான் அது போயிற்று. அவர் 1930-ல் எழுதிய விவாகரத்து முறையும் அப்போதுதான் சட்டமானது. அதைப் பார்த்துவிட்டு 1986-ல் காலமானார்.

1977 என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிது. என் மனைவிக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. "வீட்டை யார் பார்ப்பது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை, நான் இருந்தேன். போன வாரம் இதை அவளிடம் சொன்னேன். "அந்த ஆர்டர் இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது" என்றாள்.