தனிநாயக அடிகளும் உரோம இலக்கியக் கல்வியும்

தனிநாயக அடிகள் (2.8.1913 – 1.9.1980) ஊர்காவற்றுறைக்கு அணித்தாயுள்ள கரம்பொனிற் பிறந்த கத்தோலிக்கக் குரு; தமிழாராய்ச்சியை உலகப் பல்கலைக்கழகங்களுக்குரிய பொருளாக்கிய பேராசிரியர். தமிழ்த் தூதர் என்றே அவரை நாடு போற்றும். ஆயின், அத்தூதுக்கு அடிப்படையான கல்வி இலத்தீனிலே வேரூன்றியது என்பதும், உரோமாபுரியின் ஆசிரியர்களை மூலமொழியிற் பயின்ற பயிற்சியே சங்கச் செய்யுளையும் திருக்குறளையும் உலகப் பேரிலக்கியங்களோடு ஒருங்கு வைத்து நோக்கும் திறத்தை அவருக்கு நல்கிற்று என்பதும் இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை.

கொழும்புப் புனித பேர்ணாட் குருமடத்தில் மெய்யியல் கற்றபின், 1934இல் உரோமாபுரி சென்று, உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்த பொருள், கார்த்தேஜ் நகரின் ஆயராயிருந்து 258இல் சிரச்சேதமுற்ற புனித சிப்பிரியானின் காலத்துக் குருமாரின் நிலை. சிப்பிரியான், ஞானஸ்நானம் பெறுமுன் இலத்தீன் நாவன்மைக் கலையைக் கற்பித்தவர். அவருடைய கடிதங்களே அக்காலத்து ஆபிரிக்கத் திருச்சபையின் சரித்திரத்துக்குத் தலையாய ஆதாரம். பழைய நூலொன்றின் சொற்களை நுணுகி நோக்கி, அவற்றினின்று ஒரு சமுதாயத்தின் வாழ்வை உய்த்துணரும் முறையை அடிகள் கைக்கொண்டது இங்கேதான்.

தமிழிலக்கியத்தை அவர் முறையாகக் கற்கத் தொடங்கியதோ, உரோமாபுரியினின்று மீண்டு, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராய் அமர்ந்த பின்னரே. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து, சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. வேர்ஜில் முதலிய இலத்தீன் கவிஞரை அறிந்த ஒருவர் குறிஞ்சியையும் முல்லையையும் நோக்கும்போது, தமிழ்ப் புலவர் இயற்கையை மாந்தரின் அகவுணர்ச்சிக்குப் பின்னிலமாக வகுத்தமைத்த தனித்தன்மை அவருக்குத் தெளிவாகத் தோன்றுதல் இயல்பே. 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழை நடத்தியதோடு, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராகவும் பணிபுரிந்தார்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியற் பேராசிரியரான அடிகள், தம் பதவியேற்புப் பேருரைக்கு இந்தியச் சிந்தனையையும் உரோமரின் ஸ்டோயிக் தத்துவத்தையும் பொருளாகத் தேர்ந்தார். அவருடைய வாழ்க்கையின் இரு கல்விகளும் ஒன்றாய்க் கூடிய இடம் இதுவென்பது எமது துணிபு. இன்பத்திலும் துன்பத்திலும் நிலைதிரியாத உள்ளத்தை உரோம ஸ்டோயிக் அறிஞரான செனெக்கா தம் கடிதங்களிற் போற்றுகின்றார். வள்ளுவரோ இடுக்கண் அழியாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். மனித குலம் முழுதும் ஒரே நகரத்தின் குடிகள் என்னும் ஸ்டோயிக் கொள்கைக்கு நிகரான எண்ணத்தைக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுச் செய்யுளிற் காண்கின்றோம். உரோமப் பொற்காசுகள் தமிழகத்திற்கு வந்திறங்கிய காலத்தை இத்தகைய ஒப்புமைகள் நினைவூட்டுமாயினும், ஒருவரிடமிருந்து மற்றவர் கடன்கொண்டனர் என்று அவை கொண்டு முடிவுகட்டுதல் தகாது. தனித்தனியே முதிர்ந்த இரு பண்பாடுகள் ஒரே விழுமியத்தை அடைந்தன என்பதே அவற்றின் பெருமை.

வத்திக்கான் நூலகத்திலிருந்த, 1679இல் அச்சான அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை அடிகள் 1966இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டதற்கும் ஐரோப்பிய மொழிப் பயிற்சியே துணைசெய்தது. 1964 சனவரியிற் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரிற் கூடவும் முன்னின்றுழைத்தார். 1974இல் நான்காம் மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது.

அடிகள் காட்டிய இவ்வொப்பியல் வழியில், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திருக்குறள் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதன் அருகே செனெக்காவின் கடிதங்களையும் வைத்து மாணவர்க்குக் காட்டுவாராக.