ஏர்டேக் பகிர்வு

சாவிக்கொத்திலோ பயணப்பெட்டியிலோ போட்டுவைக்கும் ஏர்டேக் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் தத்தம் ஐபோனில் பார்க்க உதவும் வசதி ஏர்டேக் பகிர்வு. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஏர்டேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இது இல்லை. ஒரு டேக், ஒரு கணக்கு, அவ்வளவுதான். கணவர் கணக்கில் பதிந்த டேக் தொங்கும் சாவியோடு மனைவி அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு ஸ்கூட்டரில் போனால், அறியாத டேக் ஒன்று கூடவே வருவதாக அவருடைய ஐபோன் எச்சரிக்கும். குடும்பப் பகிர்வில் இருப்பவர் அந்த எச்சரிக்கையை நிறுத்திவைக்கலாம். தொலைந்த சாவியைத் தேட மட்டும் வழியில்லை.

2023 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 17 இந்தக் குறையைத் தீர்த்தது. உரிமையாளர் ‘ஃபைண்ட் மை’ செயலியில் மேலும் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் இருப்பிடத்தைப் பார்க்கலாம், டேக்கை ஒலிக்கவைக்கலாம். எச்சரிக்கையும் அவர்களுக்கு வராது. வசதிதான், ஆனால் சாவி போகும் இடம் அதை எடுத்துச் செல்பவர் போகும் இடமும்தான் என்பதால், சேருமுன் வீட்டில் பேசிக்கொள்வது நல்லது. சேர்ந்தவர் தாமாகவே விலகலாம், உரிமையாளரும் நீக்கலாம்.

டேக்கில் ஜிபிஎஸ் இல்லை. அது அனுப்பும் ப்ளூடூத் சமிக்ஞையை அவ்வழியே போகும் யாரோ ஒருவரின் ஐபோன் உணர்ந்து, இடத்தை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. அதனால் மாலை நேரத்து எலியட்ஸ் கடற்கரையில் விழுந்த சாவி சீக்கிரம் தென்படும். ஆளரவமற்ற தெருவில் காத்திருக்க வேண்டும்.

பெரிய தடை வேறு. மகனிடம் ஐபோனும் பெற்றோரிடம் ஆண்ட்ராய்டும் உள்ள வீட்டில் ஏர்டேக்கைப் பகிர முடியாது. ஆண்ட்ராய்டுக்கெனக் கூகுள் 2024இல் தொடங்கி, மறு ஆண்டு ‘ஃபைண்ட் ஹப்’ எனப் பெயர் மாற்றிய வலையமைப்பிலும் டேக்கைப் பகிரலாம், அதுவும் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குள்தான். அதன் இயல்பு அமைப்பில், பல கருவிகள் டேக்கை உணர்ந்தால்தான் இடம் தெரியும். அடையாறு சிக்னலில் இது எளிது, உள்தெருக்களில் கடினம்.

குடும்பத்துக்கு வெளியே தற்காலிகமாகப் பகிரும் முறையும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2, தொலைந்த பெட்டியின் இருப்பிடத்தை விமான நிறுவனத்துக்கு இணைப்பாக அனுப்ப வழிசெய்தது. ஏர் இந்தியா 2025இல் இதை ஏற்றது. பெட்டி உரியவரிடம் சேர்ந்ததும் இணைப்பு செயலிழக்கும்; சேராவிட்டாலும் ஏழு நாளில் காலாவதியாகும்.